ஓசையும் பழுதும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் கூட்டங்களில் பின்வரிசை நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன் நான். விழாக் குழுவினர் என்னை அழைத்து, "நீங்கள் கவிதையைப் பற்றிப் பேச வேண்டாம், உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள்" என்று கூறியபோது மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். கோவையில் வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்த்தும் பொருத்தியும் கொடுக்கின்ற சிறு கடை ஒன்றை நடத்தி வருகிறேன். மின்விசிறி, குளிர்ப்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், வெந்நீர்க் கொதிகலன் என்று மேடைக்காகச் சொல்லிப் பார்க்கிறேன். கடையில் அவை ஃபேன், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர்தாம். இனி அந்தப் பெயர்களிலேயே சொல்ல அவையோர் அனுமதிக்க வேண்டுகிறேன்.

இத்தொழிலுக்குக் கோவை பொருத்தமான ஊர். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் இங்கு வந்து சேர்ந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்நாட்டு மின்மோட்டாரை இவ்வூரில் உருவாக்கினார்கள். 1955இல் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தால் இயங்கும் மாவரைக்கும் கிரைண்டரைக் கொண்டுவந்தார். அந்தக் கிரைண்டர் பிற்காலத்தில் இவ்வூர்ப் பெயராலேயே புவிசார் குறியீடும் பெற்றது. மோட்டாருக்குக் கம்பி சுற்றத் தெரிந்தவர்கள் நிறைந்த ஊரில் பிறந்ததால்தான் நானும் அதைக் கற்றேன். வேறு பெருமை எனக்கில்லை.

எங்கள் தொழிலில் பழுது முதலில் சொல்லாகத்தான் கடைக்குள் வருகிறது. பொருள் பிறகுதான் வரும். ஓர் அம்மையார் தொலைபேசியில், "ஏனுங்க தம்பி, ஃபேனு உம்முனு நிக்குதுங்க, சுத்த மாட்டேங்குதுங்க" என்பார். "குச்சியால ஒரு தள்ளு தள்ளிவிட்டாச் சுத்துதுங்களாம்மா?" என்று கேட்பேன். "ஆமாங்க, அப்பறம் சுத்துதுங்க" என்றால் கண்டன்சர் போயிருக்கிறது என்று ஏறத்தாழ முடிவு செய்துவிடலாம். மிக்சி "விர்ருனு கத்துது, ஆனா அரைபட மாட்டேங்குது" என்றால் கப்ளரின் பல் தேய்ந்திருக்கும். "உர்ருனு முக்குது" என்றால் ஜாரின் புஷ் இறுகியிருக்கும். இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் எனக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறார். ஃபிரிட்ஜ் சில நிமிடங்களுக்கு ஒருமுறை "டிக்" என்கிறது என்றால், கம்ப்ரசர் கிளம்ப முயன்று முடியாமல், ஓவர்லோடு அதைத் துண்டிக்கிறது என்று பொருள். கிரைண்டர் "கீச்" என்றால் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். வாஷிங் மெஷின் பிழியும்போது "தடதட"வென்று நின்ற இடத்தை விட்டு நடக்கிறது என்றால், கால்கள் மட்டமாக இல்லை. முன்பக்கம் திறக்கின்ற புது இயந்திரமாக இருந்தால், லாரியில் வரும்போது டிரம் ஆடாதிருக்கப் பின்னால் பூட்டியிருந்த போல்ட்டுகளைக் கழற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள்.

ஆடவர் பெரும்பாலும் "ரிப்பேர்" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்வர். அன்றாடம் அப்பொருளோடு புழங்கும் பெண்களுக்குத்தான் நேற்றைய ஓசைக்கும் இன்றைய ஓசைக்கும் உள்ள வேற்றுமை தெரியும். இரட்டைக்கிளவி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அது எங்களுக்கு ஸ்குரூ டிரைவர் போல ஒரு கருவி. அத்தகைய சொற்கள் கவிதையில் தேய்ந்துபோய்விட்டன என்று நம் கூட்டமொன்றில் ஒரு நண்பர் வாதிட்டார். கவிதையின் நிலை எனக்குத் தெரியாது. என் கடையில் "கரகர" என்றால் பேரிங்கில் கிரீஸ் வற்றியிருக்கிறது. "கடகட" என்றால் ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே கூலியில் நூறு ரூபாயாவது வேறுபாடு உண்டு.

இலக்கிய மேடையில் கூலிக் கணக்குப் பேசுவது சிலருக்கு உவப்பாக இராது. ஆயினும் அதைப் பேசாமல் இத்தொழிலைப் பேச இயலாது. ஃபேன் கண்டன்சரின் விலை சில பத்து ரூபாய்தான். ஏணி போட்டு ஏறி, மாற்றி, இறங்கக் கால் மணி நேரம் ஆகும். வருகைக் கூலியும் சேர்த்து இருநூற்றைம்பது ரூபாய் என்றால், "இத்தனூண்டு சாமானுக்குங்களா?" என்ற கேள்வி எழுகிறது. அதே மனிதரிடம், "காயில் எரிந்துவிட்டது, கழற்றிக்கொண்டு போய் மூன்று நாளில் சுற்றித் தருகிறேன்" என்று சொன்னால் எண்ணூறு ரூபாயை முகம் சுளிக்காமல் கொடுப்பார். நீண்ட நேரம் ஆகும் வேலைக்குக் கொடுக்க மனம் வருகிறது. விரைவில் முடிந்த வேலைக்கு வருவதில்லை. இதை அறிந்துதான், பத்து நிமிடத்தில் சரிசெய்த மிக்சியை இரண்டு நாள் அலமாரியில் வைத்திருந்து கொடுக்கும் வழக்கம் எங்களிடையே உண்டு. அதை நான் வன்மையாகக் கண்டிக்க மாட்டேன். வாடகை கொடுக்க வேண்டியவனின் தந்திரம் அது. ஆனால் கண்டன்சர் போனதைக் காயில் போனதாகச் சொல்வது வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்பது பொருளுக்கு உரியவருக்குத் தெரியாது. நாங்கள் சூட்டும் பெயரைத்தான் அவர் நம்பியாக வேண்டும். பழுதுக்குப் பொய்ப்பெயர் சூட்டினால் அந்தத் தெருவில் ஒருவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்பதுதான் இத்தொழிலின் பெரிய சோதனை.

இதற்கு நான் வைத்திருக்கும் வழக்கங்கள் எளியவை. இயலுமானவரை பொருளை உரியவர் முன்னிலையிலேயே திறக்கிறேன். மாற்றிய பழைய பாகத்தை ஒரு பையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். பலர் அதை வாசலிலேயே எறிந்துவிட்டுப் போகிறார்கள். அது அவர்கள் விருப்பம். அதிக அரவையில் மிக்சி நின்றுவிட்டால், அடியில் உள்ள சிவப்புப் பொத்தானைச் சற்று நேரம் கழித்து அமுக்கச் சொல்லித் தொலைபேசியிலேயே முடித்துவிடுகிறேன். அதற்குக் கூலி கேட்க வாய் வருவதில்லை. நியாயமாகப் பார்த்தால் கேட்கத்தான் வேண்டும்; அந்தச் சொல்லைக் கற்க எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

செலவுகளை விரித்துரைத்து உங்களைச் சோர்வடையச் செய்ய விரும்பவில்லை. வாடகை, இரண்டு உதவியாளர்களின் சம்பளம், பெட்ரோல் இவை எல்லார்க்கும் தெரிந்தவை. தெரியாதது, முடங்கிக் கிடக்கும் முதல். கப்ளரில் மட்டும் முப்பது வகைக்குமேல் வாங்கி வைக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் சில ஆண்டுக்கு ஒன்றுகூட விற்பதில்லை. கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் பொருள்கள் ஓர் அலமாரியை நிறைத்திருக்கின்றன. விற்கவும் முடியாது, எறியவும் மனம் வராது. சித்திரையிலும் வைகாசியிலும் ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஓய்வில்லாமல் ஓடுவோம். தீபாவளிக்கு முந்தைய வாரம் கிரைண்டர்களின் காலம். மார்கழியில் ஈ ஓட்டுவோம். 2011 செப்டம்பரில் மாநில அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபின், அதுவரை அம்மியையும் ஆட்டுக்கல்லையும் மட்டுமே கண்ட வீடுகளிலிருந்தும் எங்களுக்கு வேலை வந்தது என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

பொருத்துதல் பணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். பழுதுபார்ப்பதில் தவறினால் பொருள் போகும். பொருத்துவதில் தவறினால் ஆள் போவார். இரண்டாயிரம் வாட் கீசர், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் தகுந்த கனமுள்ள வயரும் வேண்டும். சிறிய சாக்கெட்டில் மாட்டினால் முதலில் சாக்கெட் கருகும். அதைவிட முக்கியம் எர்த். பழைய வீடுகள் பலவற்றில் தண்ணீர் வரும் இரும்புக் குழாயிலேயே எர்த் கம்பியைக் கட்டி வைத்திருந்தார்கள். பின்னர் துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். பச்சைக் கம்பி சுவரில் அப்படியே இருக்கிறது. ஆனால் அது மண்ணோடு எந்த உறவும் இல்லாமல் தொங்குகிறது. வீட்டாருக்கு இது தெரியாது. மூன்று துளையுள்ள சாக்கெட்டைக் காட்டி, "எர்த் இருக்குதுங்க" என்பார்கள். ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே சோதனை விளக்கை வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். விளக்கு முழு வெளிச்சத்தோடு எரியாவிட்டால் அந்த எர்த் பெயரளவில்தான்.

இத்தகைய வீட்டில் கீசர் மாட்ட மாட்டேன் என்று நான் சொல்வதுண்டு. முதலில் எர்த் குழி போடுங்கள், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்துங்கள், பிறகு வருகிறேன் என்பேன். "பத்து வருசமா இப்படித்தாங்க இருக்குது, ஒண்ணும் ஆகல" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. மறுநாள் வேறொருவர் வந்து மாட்டிவிட்டுப் போவார். எனக்குக் கூலியும் போயிற்று, அந்த வீட்டின் நட்பும் போயிற்று. நீர் சூடாகி விரியும்போது அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு ஒன்று கீசரில் உண்டு. அதிலிருந்து அவ்வப்போது சொட்டுச் சொட்டாக நீர் வடியும். குளியலறைத் தரை நனைகிறது என்று அதை அடைத்துவிடச் சொல்லிக் கேட்டவர்களும் உள்ளனர். அந்த வால்வு அழும்வரைதான் வீடு சிரிக்கும் என்று ஒருமுறை விளக்கினேன். கேட்டவர் சிரித்தார், ஆனால் அடைக்கவில்லை. கவிஞர்கள் இருக்கும் வட்டத்தோடு பழகியதில் எனக்குக் கிடைத்த நேரடிப் பயன் இது.

இனி, மாறிவரும் காலம். ஃபிரிட்ஜில் நிரப்பும் வாயு மாறிவிட்டது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்பாட்டின் விளைவாகப் பழைய வாயு விலகிற்று. இன்று வீட்டு ஃபிரிட்ஜுகள் பலவற்றில் இருப்பது தீப்பற்றக்கூடிய ஆர்-600ஏ. அதைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்து நிரப்ப வேண்டும். குழாயில் வாயு எஞ்சியிருக்கும்போது தீயைக் காட்டிப் பற்றவைக்கலாகாது. இதையெல்லாம் கற்றுக்கொள்ள முடிந்தது. கடினமானது வேறொன்று. சாதாரண ஃபேன் எழுபது, எழுபத்தைந்து வாட் இழுக்க, புதிய பி.எல்.டி.சி. ஃபேன் முப்பது வாட்டுக்குள் அல்லது சற்று மேலே ஓடுகிறது. மின்சாரம் மிச்சம், நல்லதுதான். ஆனால் அதன் உயிர் ஒரு சிறு போர்டில் இருக்கிறது. போர்டு போனால் மோட்டார் பழுதில்லாமல் இருந்தும் ஃபேன் தொங்கும் பிணம். அந்தப் போர்டை வெளிக்கடைக்கு விற்க மாட்டோம் என்று தயாரிப்பாளர் கூறினால் என் காதும் கையும் என்ன செய்யும்? நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் "பழுதுபார்க்கும் உரிமை" குறித்து ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென இணையத்தளமும் தொடங்கியது. உதிரிப்பாகமும் பழுதுபார்க்கும் கையேடும் சிறு கடைகளுக்கும் சட்டப்படி கிடைத்தாக வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அவையின்றி எனக்கு எஞ்சுவது, "புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்லும் வேலை மட்டுமே. அதற்கு ஒரு கடை வேண்டியதில்லை.

பையன்கள் வருகிறார்கள், ஆறு மாதம் இருக்கிறார்கள், மாதச் சம்பளம் உறுதியாகக் கிடைக்கும் இடத்துக்குப் போய்விடுகிறார்கள். குறை சொல்ல மாட்டேன். இருக்கும் நாளில் கேட்கக் கற்றுக்கொடுக்கிறேன். மீட்டரை எடுப்பதற்கு முன் ஓடவிட்டுக் கேள், வீட்டுக்காரம்மா சொல்லும்போது குறுக்கே பேசாதே என்பதே முதல் பாடம்.

பில் புத்தகத்தில் "பழுது" என்ற கட்டம் ஒன்று உண்டு. அதில் நான் என் சொல்லை எழுதுவதில்லை. கொண்டு வந்தவர் சொன்ன சொல்லையே எழுதிக்கொள்கிறேன். "முக்குது", "சிணுங்குது", "இழுத்துக்கிட்டுக் கெடக்குது", "பொகைஞ்ச வாசம்", "தொட்டாச் சுர்ருங்குது" என்று பக்கம் பக்கமாக இருக்கின்றன. அண்மைக் காலப் புத்தகங்களில் அந்தக் கட்டத்தில் "ஈ-4", "எஃப்-2" போன்ற குறிகள் மிகுதியாகிவிட்டன. இயந்திரமே தன் பழுதை எழுத்தாகக் காட்டிவிடுகிறது, வீட்டார் அதைப் படித்துச் சொல்கிறார்கள். பழைய புத்தகங்களை எறியாமல் ஒரு சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டு வைத்திருக்கிறேன். சொல் தொகுக்கும் ஆர்வமுடையவர் இவ்வவையில் எவரேனும் இருப்பின் கடைக்கு வந்து எடுத்துப் பார்க்கலாம். பகல் ஒன்றரை மணிமுதல் மூன்று மணிவரை சற்று ஓய்வாக இருக்கும். சித்திரை, வைகாசியில் மட்டும் வர வேண்டாம்.