பத்தில் எத்தனை குளிர்காலம்?

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகருக்கு மேலே, ஏறத்தாழ 2,540 மீட்டர் உயரத்தில், வைஸ்ஃப்ளூயோக் என்றொரு இடம் இருக்கிறது. 1936 முதல் அங்கே குளிர்காலக் காலைதோறும் பனியை அளந்து வருகிறார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. சென்டிமீட்டர் கோடு போட்ட கம்பம் ஒன்று நட்டிருக்கும். பனியின் மேல் வெள்ளைப் பலகை ஒன்று கிடக்கும். இரவில் பலகைமேல் விழுந்த புதுப்பனியை அளந்து ஏட்டில் குறித்துக்கொள்வார்கள். பிறகு பலகையைத் துடைத்து, பனிப்பரப்போடு சமமாக மறுபடி வைத்துவிட்டுத் திரும்புவார்கள். மறுநாள் காலையும் இதே வேலைதான்.

பனிச்சரிவை ஆராய்வதற்காகத் தொடங்கிய பதிவு இது. ஆனால் ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்குப் பயணம் போக நினைக்கும் குடும்பத்துக்கும், சூரிக்கிலோ பெர்னிலோ இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போன கையோடு பிள்ளைகளுக்குப் பனிமலையைக் காட்ட நினைப்பவர்களுக்கும் இப்படிப்பட்ட ஏடுகளே நல்ல வழிகாட்டி. விளம்பரப் படத்தில் எல்லா ஊரும் வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும். ஏட்டில் உள்ளது உள்ளபடி இருக்கும்.

ஏட்டைப் படிப்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். ஆஸ்திரியாவின் டாமுல்ஸ் கிராமத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 9 மீட்டருக்கு மேல் பனி பொழிகிறது என்பார்கள். அங்கே வீடுகள் புதைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அது ஒவ்வொரு நாளும் விழுந்ததைக் கூட்டிய தொகை. விழுந்த பனி அமுங்கும், காற்றில் பறக்கும், வெயிலில் உருகும். சறுக்கப் போகிறவருக்கு வேண்டியது விழுந்த கணக்கு அல்ல, தரையில் கிடக்கும் கணக்கு.

சராசரியும் ஏமாற்றும். மூன்று ஆண்டு கொட்டித் தீர்த்து, மூன்று ஆண்டு புல்தரையாகவே கிடந்தாலும் சராசரி அழகாகத்தான் தெரியும். அதனால் சுவிஸ் ஆய்வாளர்கள் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள். டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, குறைந்தது 100 நாள், 30 சென்டிமீட்டராவது பனி கிடக்கிறதா? பத்துக் குளிர்காலத்தில் ஏழில் கிடந்தால் அந்த இடத்தை நம்பலாம் என்பது அவர்கள் வகுத்த அளவு. பயணம் போகிறவர் இதையே தன் வாரத்துக்குச் சுருக்கிக்கொள்ளலாம். ‘நான் போகும் வாரத்தில், கடந்த பத்து ஆண்டில் எத்தனை ஆண்டு பனி இருந்தது?’

எந்தப் பத்து ஆண்டு என்பதுதான் முக்கியம். 1980களின் கடைசியில் சுவிட்சர்லாந்தில் பனி கிடக்கும் நாள்கள் படியிறங்கியதுபோல் சட்டென்று குறைந்தன. அதற்குப் பிறகு பழைய நிலை திரும்பவில்லை. இத்தாலியின் போல்சானோவில் உள்ள யூராக் ஆய்வு நிறுவனத்தின் தலைமையில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் 2,000-க்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1971 முதல் 2019 வரை, நவம்பர் தொடங்கி மே வரையிலான பனி ஆழம் பத்தாண்டுக்குச் சராசரியாக 8.4 சதவீதம் குறைந்திருக்கிறது. ஆகவே தாத்தா காலத்துக் கணக்கைச் சேர்த்து எடுக்கும் சராசரி, இன்று கிடைக்காத பனியைக் காட்டும். மலைக்காரர்களின் வாழ்வே மாறிப்போன கதை இது. எண்ணாக மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துபோக மனம் வருவதில்லை.

அடுத்தது, எந்த வாரம் என்ற கேள்வி. பலருக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறைதான் ஆசை. ஆனால் அந்த நாள்களில் அட்லாண்டிக் பக்கமிருந்து மிதமான ஈரக்காற்று வந்து தாழ்வான இடங்களில் பனியைக் கரைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஜெர்மன் பேசும் நாடுகளில் அதற்கு ‘கிறிஸ்துமஸ் உருகல்’ என்று பெயரே இருக்கிறது. 2023 ஜனவரி முதல் வாரத்தில், சுவிட்சர்லாந்தின் அடல்போடனில் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தது. ஊரின் உயரம் சுமார் 1,350 மீட்டர். வீரர்கள் இறங்கிய தடம் மட்டும் செயற்கைப் பனியால் வெள்ளைப் பட்டையாகத் தெரிய, இரு பக்கமும் புல் பச்சையாக நின்றது.

உயரத்தில் நிலைமை வேறு. வைஸ்ஃப்ளூயோக் போன்ற இடங்களில் பனி பெரும்பாலும் ஏப்ரலில்தான் உச்ச ஆழத்தைத் தொடுகிறது. பிரான்சின் வால் தொரான்ஸ் கிராமமே 2,300 மீட்டரில் இருக்கிறது. அத்தகைய இடங்களுக்கு மார்ச் நடுவில் போனால் காலுக்கடியில் ஆழமான பனியும் கிடைக்கும், பன்னிரண்டு மணி நேரப் பகலும் கிடைக்கும். கிறிஸ்துமஸில் பகல் எட்டரை மணி நேரந்தான். மார்ச்சில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தெற்கு பார்த்த சரிவுகள் மதியத்துக்குள் கஞ்சியாகக் குழைந்துவிடும். பிற்பகலில் வடக்கு பார்த்த சரிவுக்கு மாறிக்கொள்வது நல்லது.

ஊர் மலைத்தொடரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வடமேற்கிலிருந்து ஈரக்காற்று வந்தால் ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் பகுதி பனியில் மூழ்கும். மலைத்தொடரின் தெற்கே மழைமறைவுபோலப் பனிமறைவு. மத்தியதரைக் கடலில் தாழ்வு நிலை உருவானால் இது தலைகீழாகும். 2013–14 குளிர்காலத்தில் தெற்கே கொட்டியது, வடக்கே வெறிச்சோடியது. 2019 ஜனவரியில் வடக்கு ஆஸ்திரியா பனியில் திணறியது. அதனால் தங்கும் இடத்தை, கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் விதத்தில் பதிவு செய்துவிட்டு, எந்தப் பக்கம் என்பதைக் கடைசி இரண்டு வாரத்தில் முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் தப்பிக்கிறார்கள்.

ஏட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆஸ்திரியாவின் கால்டூர் கிராமத்தில், கடந்தகாலப் பனிச்சரிவுகளை வைத்து ஆபத்து வரைபடம் தயாரித்திருந்தார்கள். 1999 பிப்ரவரி 23 அன்று, வாரக்கணக்கில் பொழிந்து சேர்ந்த பனி மொத்தமாகச் சரிந்தது. பாதுகாப்பானது என்று பச்சை வண்ணம் தீட்டிய பகுதி வரை அது வந்தது. 31 பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் இன்று பெரிய தடுப்புச் சுவர் நிற்கிறது.

சுவிட்சர்லாந்தில் குளிர்காலம் முழுதும் மாலை 5 மணிக்குப் பனிச்சரிவு அறிக்கை வெளியாகிறது. ஆபத்தை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டுச் சொல்வார்கள். எந்த மாதம், எந்த ஊர் என்று ஏட்டைப் பார்த்துத் தேர்ந்தவர்களும், குறித்த தடத்தை விட்டு வெளியே இறங்க நினைத்தால், முந்தின மாலை அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும்.