கண்டித் தொண்டர் படையில் இடம் பெற்றோர்

நிலையான சேனையிற் சேர்பவன் அதனையே தன் தொழிலாகக் கொள்கிறான். தொண்டர் படையிற் சேர்பவனோ தன் தொழிலை விடாது செய்துகொண்டே ஓய்வு நாட்களில் ஆயுதப் பயிற்சி பெறுகிறான். அழைப்பு வரும்போது களம் புகுகிறான். தொண்டர் படை என்பது ஆயுதம் தாங்கிய ஊர்மக்களே எனலாம். அதில் எவருக்கு இடமுண்டு, எவருக்கு இடமில்லை என்று நோக்கினால், அரசு எவரைத் தன்னவர் என நம்புகிறது என்பது விளங்கும். இதற்குக் கண்டி மாநகரின் வரலாறு நல்லதொரு சான்றாகும்.

1900ஆம் ஆண்டில், கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை அமைக்கப்பட்டது. மலைநாட்டில் தேயிலை, றப்பர்த் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியருக்கே அதில் இடமிருந்தது. கண்டி நகரிலே சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலாயர், பறங்கியர் எனப் பலரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். சூழவுள்ள தோட்டங்களிலே பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் கொழுந்து பறித்தனர். இவர்களுக்கு அப்படையின் கதவு திறக்கவில்லை.

அப்படையினரின் துணிவை மறுப்பதற்கில்லை. 1914 ஒக்டோபரில் 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் கப்பலேறி எகிப்து சென்று சுயஸ் கால்வாயைக் காத்தனர். மறு ஆண்டு கலிப்பொலிக் களத்திலும் நின்றனர். ஆயினும் அந்நியப் பகைவனை எதிர்ப்பது ஒன்று. குடிமக்களிடையே ஒழுங்கை நிலைநாட்டுவது மற்றொன்று.

1915 மே மாத இறுதியில், வெசாக் காலத்தில், கண்டியிலே சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே மூண்ட கலவரம் பல இடங்களுக்கும் பரவிற்று. முஸ்லிம்களின் உயிரும் உடைமையும் காக்கப்படவேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபின், பஞ்சாபிச் சிப்பாய்களோடு ஐரோப்பியத் தொண்டர்களும் அடக்குமுறையில் ஈடுபட்டனர். விசாரணையின்றிச் சுடப்பட்டோரும் உளர். கொழும்பு நகர்க் காவற்படையில் அதிகாரியாயிருந்த சிங்களவரான ஹென்றி பேதிரிஸ், 1915 யூலை 7ஆம் நாள் மரணதண்டனைக்கு உள்ளாக்கப்பட்டார். பட்டியலிலே பெயர் இருந்தும் நம்பிக்கையிலே அவருக்கு இடமிருக்கவில்லை. இக்கொடுமைகளைச் சட்டநிரூபண சபையில் எடுத்துரைத்தவர் பொன்னம்பலம் இராமநாதன். சிங்கள மக்களுக்காகத் தமிழர் ஒருவர் வாதாடினார். 1916இல் இதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

தோட்டத்துரைமார் படை 1949இல் கலைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே இலங்கை இராணுவம் தோன்றிற்று. ஆனால் அதற்கு முந்திய ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிவிட்டது. துரைமாரின் பட்டியல் மூடப்பட்டபோது, அவர்களுக்கென வேறு பட்டியல் எதுவும் திறக்கப்படவில்லை.

பெண்களின் நிலையும் நோக்கத்தக்கது. 1944இல் தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைத் தலைமையகம் கண்டிக்கு வந்தபோது, பேராதனைப் பூங்காவிலே பிரித்தானிய மகளிர் சீருடை அணிந்து பணிபுரிந்ததை இந்நகரம் கண்டது. எனினும் இலங்கை இராணுவத்தில் மகளிர் படையணி உருவானது 1979 செப்டம்பரிலேதான். அதுவும் தொண்டர் படையணியாகவே தொடங்கிற்று. போர் முடிந்தபின், 2012இல், வடக்கிலே நூறளவிலான தமிழ்ப் பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்கள் முழு மனத்தோடு சேர்ந்தனரா என்ற வினாவும் உடன் எழுந்தது. இன்றும் இராணுவத்தில் மிகப் பெரும்பான்மையோர் சிங்களவரே.

சேர்க்கப்படுவது வேறு, சமமாக நம்பப்படுவது வேறு. காவலுக்கு வருபவரைக் கண்டதும் கதவை அடைப்பதா, திறப்பதா என்பதை மக்களே தீர்மானிக்கின்றனர். வருபவருள் தம்மவரும் இருக்கக் கண்டால் அவர்கள் கதவைத் திறப்பர். கண்டியின் பழைய பட்டியல் உணர்த்தும் பாடம் இதுவே.