உயர்நீதிமன்றமும் நமது உரிமைகளும்
(கல்விக் கழக வெள்ளி விழாவில், ஸ்ரீமுஷ்ணத்தில் ஆற்றிய உரை)



பள்ளி ஆசிரியராகிய நாம் நீதிமன்றத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பேசியே ஆகவேண்டும் என்பது நம் கருத்து. 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியை நிறுவிய சுவாமி சகஜானந்தர், நம் பிள்ளைகள் வெறும் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்காக மட்டும் அதனை நிறுவவில்லை. மனிதராய்த் தலைநிமிர்ந்து வாழ்வதற்காகவே நிறுவினார். அந்த வாழ்வுக்கு இன்று சட்டமே வேலி. அவ்வேலியின் பெரியதொரு காவலிடம் உயர்நீதிமன்றம்.

சென்னை உயர்நீதிமன்றம் 1862-ல் தோன்றியது. எனினும், அதன் கதவை எளியோர்க்கும் திறந்துவைத்தது நமது அரசியலமைப்பே ஆகும். 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 226-ஆவது பிரிவு, உரிமை இழந்த எவரும் உயர்நீதிமன்றத்தை நேரே அணுக வழி செய்தது. 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976-ல் வலுவாக்கப்பெற்றுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. அவ்வாறு வலுவாக்க வேண்டிய தேவையை நாட்டுக்கு எடுத்துரைத்தது, 1965-ல் அமைக்கப்பெற்று 1969-ல் அறிக்கை அளித்த குழு. அதன் தலைவர் யார்? நம் பக்கத்துக் காட்டுமன்னார்கோயில் தந்த பெருமகன் எல். இளையபெருமாள் அவர்களே! பின்னர் 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பெற்றது.

சட்டம் ஏட்டில் இருப்பது. அதற்கு உயிர் கொடுப்பதும் கொடாது விடுவதும் நீதிமன்றங்கள். இதனை மூன்று வழக்குகளால் விளக்க விரும்புகிறோம். ஒன்றில் நாம் தோற்றோம்; இரண்டில் வென்றோம்.

முதலாவது கீழ்வெண்மணி. அந்நாளையத் தஞ்சை மாவட்டத்தில், 1968 டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றம் 1970-ல் நிலவுடைமையாளர் சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973-ல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாமே நடந்து சென்று தீயிட்டிருப்பர் என்பது நம்பத்தக்கதன்று என்னும் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. எவரை நம்புவது, எவரை ஐயுறுவது என்பதில் சமுதாயத்தின் பழைய பார்வை நீதியிருக்கை வரை ஏறிச் செல்லும் என்பதை நாம் அன்று கண்டோம். அதே 1973-ல்தான் நம் சமுதாயத்தில் பிறந்த ஏ. வரதராசன் அவர்கள் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1980-ல் உச்சநீதிமன்றத்தின் முதல் தாழ்த்தப்பட்ட சமுதாய நீதிபதியாகவும் உயர்ந்தார். இருக்கையில் அமர்வோர் யார் என்பதும் நீதியின் ஒரு பகுதியே.

இரண்டாவது, நமக்கு அண்மையிலுள்ள முதனை கிராமத்து வழக்கு. 1993-ல், திருட்டு ஐயத்தின் பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்தார் பிடித்துச் சென்ற இராசாக்கண்ணு என்னும் குறவர் இனத் தொழிலாளி வீடு திரும்பவில்லை. அவர் தப்பி ஓடிவிட்டார் என்றனர். அவர் மனைவி பார்வதி அம்மாள் எழுத்தறியாதவர்; ஆனால் தாம் கண்ணால் கண்டதை மறைக்க மறுத்தவர். பின்னாளில் நீதிபதியான வழக்கறிஞர் சந்துரு அவர்களின் துணையோடு ஆட்கொணர்வு மனு உயர்நீதிமன்றத்தில் அளிக்கப்பட்டது. பொதுவாக இத்தகைய மனுக்கள் எழுத்து வடிவ வாக்குமூலங்களைக் கொண்டே முடிக்கப்படும். இவ்வழக்கிலோ நீதிபதிகள் சாட்சிகளைத் தம் முன்னிலையிலேயே விசாரித்தனர். உண்மை வெளிப்பட்டது, புலன்விசாரணை நடந்தது, காவலர் மீதே வழக்குத் தொடரப்பட்டது. 2006-ல் உயர்நீதிமன்றத்தில் அவர்தம் குற்றம் நிலைபெற்றபோது 13 ஆண்டுகள் கடந்திருந்தன.

மூன்றாவது, விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டை. பொறியியல் பட்டம் பெற்ற நம் இளைஞர் முருகேசனும், வேறு சாதியிற் பிறந்த கண்ணகியும் 2003-ல் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். அவ்வாண்டு சூலையில் இருவருக்கும் நஞ்சு புகட்டிக் கொன்றனர். உள்ளூர்க் காவல்துறை, மகனை இழந்த குடும்பத்தாரையும் குற்றவாளிகளாகச் சேர்த்து வழக்கு எழுதியது. உயர்நீதிமன்ற ஆணையால் 2004-ல் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியிராவிடில், அவ்வழக்கு அங்கேயே புதைந்திருக்கும். சாட்சிகள் 81 பேரில் 36 பேர் பிறழ்ந்தனர். எஞ்சியோர் உறுதியாக நின்றனர். 2021-ல் கடலூர் நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை விதித்தது. அவர்களுள் காவல் அலுவலர் இருவரும் அடங்குவர். 2022-ல் உயர்நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்ததுடன், வேறு சில மாற்றங்களையும் செய்தது. 2025-ல் உச்சநீதிமன்றம் குற்றத் தீர்ப்பை உறுதி செய்தது. முழுதாய் 22 ஆண்டுகள்!

இளைஞர்களே, உயர்நீதிமன்றம் தானே நம் சேரிக்கு நடந்து வருவதில்லை. அதன் முன் போய்ச் சேருவது ஒரு காகிதமும் ஒரு சாட்சியும்தான். காகிதம் தவறாக எழுதப்பட்டால், சென்னையிலிருக்கும் நீதிபதிக்கு நம் துயரம் தெரிய வழியில்லை.

நம் நெஞ்சை விட்டு அகலாத ஒரு நிகழ்ச்சி உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், மயானப் பாதைத் தகராறில் அடிபட்ட ஒருவர், தாம் கைநாட்டு வைத்த மனுவின் நகலொன்றை நம்மிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். அவருடைய மகன் அப்போது நம் வகுப்பில் எட்டாம் வகுப்பு மாணவன். படித்தோம். இரு தரப்பாரும் சமாதானமாய்ப் போய்விட்டதாகவும், காயம் வரப்பில் வழுக்கி விழுந்ததால் ஏற்பட்டதென்றும் அதில் எழுதியிருந்தது. "நான் இப்படிச் சொல்லலீங்களே சார்" என்றார் அவர். அருகில் நின்ற மகனோ தலை கவிழ்ந்தான். தந்தையோடு அன்று தானும் போயிருந்தால் அதனைப் படித்திருக்கலாமே என்று அவன் கருதியிருக்க வேண்டும். அவன் தலை கவிழ்ந்ததை விட, அவனுக்கு ஒரு மனுவைப் படிக்கவும் எழுதவும் கற்றுத் தராத நாமே அன்று வெட்கப்பட்டோம்.

ஆகவே சில செய்திகளை மனத்தில் இருத்துங்கள். புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தரவேண்டும். 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இவ்வுரிமை உண்டு. வாய்மொழிப் புகாரை எழுதிய பின் படித்துக் காட்டிய பிறகே கையொப்பம் பெறவேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பொது ஊழியரும் தண்டனைக்குரியவர். 2016 முதல் நடப்பிலுள்ள 15அ பிரிவு, பாதிக்கப்பட்டோர்க்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பும் பயணச் செலவும் தருகிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் பிணை விசாரணையில் பாதிக்கப்பட்டவர் தம் கருத்தைச் சொல்லவும் இடமளிக்கிறது.

இறுதியாக, இக்கழகத்திற்கு நமது வேண்டுகோள் இரண்டு. வாரம் ஒரு மாலை நம் படிப்பகத்தில் மனு எழுதவும் படிக்கவும் இளைஞர்க்குப் பயிற்சி தருக. ஆண்டுக்கு ஒரு மாணவரையேனும், சிறப்பாக ஒரு மாணவியையேனும், சட்டக் கல்லூரிக்கு அனுப்பி வைக்க. இன்னும் 25 ஆண்டுகளில் இக்கழகம் பொன்விழாக் காணும்போது, காவல் நிலையத்தில் எவரும் தாம் சொல்லாததற்குக் கைநாட்டு வைத்துத் திரும்பாத ஊராக ஸ்ரீமுஷ்ணமும் அதன் சுற்றுப்புறங்களும் திகழவேண்டும். அதற்கான முதல் பாடத்தை அடுத்த வாரமே தொடங்குவோம். நடத்த நாம் ஆயத்தமாயுள்ளோம்.