சட்டப்படி வந்த சர்வாதிகாரம்

(சுரண்டையில் கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டாங்க. கவிதையும் கடைசியில் வரும், கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. அதற்கு முன் எங்க தாத்தா கேட்ட கேள்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் அடுத்தவன் வயலில் வரப்பு வெட்டியே காலம் கழித்தவர். நான் காலேஜில் படிக்கிற காலத்தில் ஒருநாள் வகுப்பில் கேட்டதை வைத்து வீட்டில் 1975 அவசரநிலை பற்றிப் பெரிதாக முழங்கிக்கொண்டிருந்தேன். கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏலே, அந்த அம்மா காலத்துலதான் நமக்கு மண்ணுன்னு ஒண்ணு எழுத்துல வந்துச்சு. படிச்சவனுவ அவசரநெல அவசரநெலன்னு கத்துதானுவ. நமக்கு எப்பம்லே சாதாரண நெல இருந்துச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது, இப்பவும் இருக்கு. சேரிக்குள் போலீஸ் நுழைய 352ஆம் பிரிவு தேவைப்பட்டதே இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டால் நாம் எங்கே போய்ச் சேருவோம் என்பதைத்தான் இன்று பேச விரும்புகிறேன். அதற்கு முதலில் ஜெர்மனி வரைக்கும் போய்விட்டு வரணும்.

ஹிட்லர் துப்பாக்கியோடு வந்து ஆட்சியைப் பிடித்தான் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1923இல் மியூனிக்கில் அப்படி முயன்று தோற்று ஜெயிலுக்குப் போனான். பிறகு அவன் வந்தது சட்டத்தின் வாசல் வழியாக. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி 1919இல் வைமர் என்ற ஊரில் கூடி ஓர் அரசியல் சட்டம் எழுதியது. பெண்களுக்கு வாக்கு, வாங்கிய வாக்கு விகிதப்படி இடங்கள், சங்கம் வைக்கும் உரிமை என்று அந்தக் காலத்தில் உலகத்திலேயே முன்னேறிய சட்டங்களில் ஒன்று. அதிலேயே 48ஆம் பிரிவு என்று ஒன்றையும் வைத்தார்கள். பொது ஒழுங்குக்கு ஆபத்து என்று குடியரசுத் தலைவர் கருதினால் ராணுவத்தை இறக்கலாம்; தனிமனித விடுதலை, வீடு, கடித ரகசியம், பேச்சு, கூட்டம், சங்கம், சொத்து ஆகிய 7 அடிப்படை உரிமைகளை நிறுத்தி வைக்கலாம்.

1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 12 இடம். மறுவருசம் உலகப் பொருளாதாரம் சரிந்தது. 1932இல் வேலையில்லாதவர் தொகை 60 லட்சம். 1930 செப்டம்பரில் நாஜிகளுக்கு 107 இடம், 1932 ஜூலையில் 230. ஆனால் நாஜிகள் வருமுன்பே நாடாளுமன்றம் செத்துக்கொண்டிருந்தது. 1930லிருந்து பெரும்பான்மை இல்லாத அமைச்சரவைகள் தலைவர் ஹிண்டன்பர்க்கின் கையெழுத்தை வைத்து அவசரச் சட்டங்களால் ஆண்டன. 1932இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் 5. அவசரச் சட்டங்கள் 60க்குக் குறையாது. ஹிட்லருக்காகக் கதவைத் திறந்து பழகியவர்கள் மரியாதைப்பட்ட பெரிய மனுசங்க.

அதில் ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லணும். ஜெர்மனியின் மிகப்பெரிய மாநிலம் பிரஷ்யா. அங்கே ஆண்டது சமூக ஜனநாயகக் கட்சி தலைமையிலான கூட்டணி அரசு. 1932 ஜூலை 20ஆம் தேதி மத்தியப் பிரதமர் 48ஆம் பிரிவைக் காட்டி அந்த மாநில அரசைக் கலைத்தார். அவர் பெயர் ஃபான் பாப்பன். சிரிக்காதீங்க, அது அவங்க ஊர் பிரபு வம்சத்துப் பெயர். காரணம் என்ன சொன்னார்? சட்டம் ஒழுங்கு சரியில்லை. தொழிற்சங்கம் தெருவில் இறங்கவில்லை, மாநில போலீஸ் எதிர்க்கவில்லை, கட்சி கோர்ட்டுக்குப் போயிற்று. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்று விளங்கிவிட்டது: இவர்களை அடித்தால் திருப்பி அடிக்கமாட்டார்கள்.

அந்த வருசம் நவம்பர் தேர்தலில் நாஜிகள் 196 இடத்துக்கு இறங்கினார்கள். சமூக ஜனநாயகவாதிகளுக்கு 121, கம்யூனிஸ்ட்டுகளுக்கு 100, ஆக 221. கூட்டிப் பாருங்கள், நான் கவுன்ட்டரில் உட்கார்ந்து கூட்டல் கழித்தல் பார்க்கிறவன். சேர்ந்திருந்தால் நாஜிகளைவிட அதிகம். சேரவில்லை. கம்யூனிஸ்ட்டுகள் மற்றவர்களைச் 'சமூக பாசிஸ்ட்டுகள்' என்றார்கள், அவர்கள் இவர்களை மாஸ்கோ கைக்கூலி என்றார்கள். இதைக் கேட்கும்போது நம்ம தென்மாவட்டத்தில் உட்சாதிக்கொரு கட்சி, கட்சிக்கொரு கொடி, ஒருவர் கூட்டத்துக்கு மற்றவர் போகாத கதை உங்களுக்கு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

1933 ஜனவரி 30இல் ஹிட்லர் பிரதமர். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே 48ஆம் பிரிவின்படி அந்த 7 உரிமைகளும் நிறுத்தப்பட்டன. மார்ச் 22இல் தாக்கௌ வதைமுகாம் திறந்தது. மறுநாள் நாடாளுமன்றமே தன் அதிகாரத்தை ஹிட்லருக்கு எழுதிக் கொடுத்தது. எதிர்த்து விழுந்தவை 94 ஓட்டு, எல்லாம் சமூக ஜனநாயகவாதிகளுடையவை. கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை உள்ளேயே விடவில்லை. ஏப்ரலில் யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம். 1935இல் நியூரம்பர்க் சட்டங்கள்: யூதரும் 'ஜெர்மன் ரத்தமும்' கல்யாணம் செய்யக்கூடாது. ஊருக்குள் வராதே, குளத்தில் குளிக்காதே என்று பலகை வைத்த ஊர்களும் இருந்தன. இதைச் செய்ய அவர்களுக்கு ஒரு சர்வாதிகாரி தேவைப்பட்டான். நம்ம ஊருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. தாத்தா சொன்னதன் அர்த்தம் அதுதான்.

இந்த 48ஆம் பிரிவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? 1949 ஆகஸ்டில் நம் அரசியல் நிர்ணய சபையில் அவசரநிலைப் பிரிவுகள் விவாதத்துக்கு வந்தபோது எச்.வி. காமத் என்ற உறுப்பினர் எழுந்து, ஜனநாயக நாடுகளின் சட்டங்களைத் துழாவிப் பார்த்தேன், இதற்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது வைமர் சட்டம்தான், அதை வைத்துத்தான் ஹிட்லர் ஜனநாயகத்தை அழித்தான் என்று எச்சரித்தார். மாநில அரசைக் கலைக்கும் பிரிவு ஏட்டளவில் செத்த எழுத்தாகவே இருக்கும் என்று அண்ணல் அம்பேத்கர் நம்பிக்கை தெரிவித்தார். அந்த நம்பிக்கை பொய்த்தது என்பதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. 356 நூறு தடவைக்கு மேல் பாய்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 1976, 1980, 1988, 1991 என்று 4 தடவை.

ஆனால் அண்ணல் இன்னொன்றும் சொன்னார். 1949 நவம்பர் 25, அந்தச் சபையில் அவரது கடைசிப் பெரிய உரை. எவ்வளவு பெரிய தலைவனானாலும் அவன் காலடியில் உங்கள் உரிமைகளை வைக்காதீர்கள், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கான பாதை என்றார். அடுத்து, ஒருவருக்கு ஒரு ஓட்டு என்று எழுதிவிட்டுச் சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டால் இந்தக் கட்டடம் நிற்காது என்றார். முதல் எச்சரிக்கையை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அது நமக்கும் சேர்த்துச் சொன்னது.

இப்போது 1975. ஜூன் 12இல் இந்திராவின் தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்டார். அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் தெரியும். டெல்லியில் பத்திரிகை ஆபீஸ்களுக்கு அன்றிரவே கரண்டு கட். எல்லாமே சட்டப்படி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விசாரணையில்லாமல் உள்ளே. 1976 ஜனவரி 31இல் தமிழ்நாட்டில் கலைஞர் அரசு கலைக்கப்பட்டது, நம்ம பிரஷ்யா. சென்னை மத்திய சிறையில் அடிபட்ட சிட்டிபாபு மறுவருசம் ஜனவரியில் இறந்தார். அங்கே நடந்ததை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் பிறகு விசாரித்தது. கோழிக்கோட்டில் பொறியியல் மாணவன் ராஜனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது, உடல்கூடக் கிடைக்கவில்லை. உங்க வயசுதான். இதற்கெல்லாம் நீதிமன்றம் போகலாமா? போக முடியாது என்று 1976 ஏப்ரல் 28இல் உச்சநீதிமன்றத்தின் 5 நீதிபதிகளில் 4 பேர் தீர்ப்பெழுதினார்கள். மறுத்த எச்.ஆர். கன்னாவுக்குத் தலைமை நீதிபதிப் பதவி கிடைக்கவில்லை. அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்சநீதிமன்றம் சொல்ல 2017 ஆயிற்று.

இதில் நாம் எங்கே இருந்தோம்? கசப்பான இடம் இதுதான். நாடாளுமன்றத்தில் அவசரநிலைக்கு ஒப்புதல் கேட்டுத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் பாபு ஜெகஜீவன்ராம். ஒன்றரை வருசம் கழித்து 1977 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். ஜூலை 1இல் அறிவித்த 20 அம்சத் திட்டத்தில் நிலமற்றவர்க்கு வீட்டுமனை, கொத்தடிமை ஒழிப்பு, கடனுக்கு நிவாரணம் எல்லாம் இருந்தன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இன்னமும் நம் கையில் இருக்கிற ஆயுதம், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அதே அரசு தொழிலாளிகளின் குறைந்தபட்ச போனஸை 8.33 சதத்திலிருந்து 4 சதமாகக் குறைத்தது. எங்கள் சங்கத்து மூத்தவர்கள் அந்தக் காலத்தைச் சொல்லும்போது ஆபீசுக்கு எல்லாரும் கரெக்டா பத்து மணிக்கு வந்தோம் என்பார்கள், சிரிப்பு இருக்காது. 1976-77 ஒரே வருசத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை. கணக்குக் காட்ட ஆள் வேண்டுமென்றால் அதிகாரி எந்தத் தெருவுக்கு வருவான் என்று நான் சொல்ல வேண்டுமா?

சரி, 1977இல் ஜனநாயகம் திரும்பி வந்ததே, யாருக்கு வந்தது? அந்த மே மாதமே பீகாரில் பெல்ச்சி, 11 பேரைக் கொன்று எரித்தார்கள், பெரும்பாலோர் தலித்துகள். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நம்மவர் 12 பேர். பிறகு நம் பக்கமே கொடியங்குளம், மேலவளவு, தாமிரபரணி. எல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகளின் காலம். பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் தனிப் பஞ்சாயத்துத் தேர்தலை 1996லிருந்து 2006 வரை ஒழுங்காக நடத்தவிடவில்லை, ஜெயித்தவனை அன்றே ராஜினாமா எழுத வைத்தார்கள். அதனால்தான் தாத்தா கேள்வி லேசான கேள்வி இல்லை.

கவிதைக்கு வருகிறேன். மராத்தியில் 'கோல்பிதா' எழுதிய நாம்தேவ் தசால் தலித் பாந்தரைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். மும்பையின் விபச்சாரத் தெருவைக் கவிதைக்குள் கொண்டுவந்தவர், எனக்கெல்லாம் ஆசான். அவர் அவசரநிலையை ஆதரித்தார், இந்திராவைப் புகழ்ந்து எழுதினார். ஜெர்மனியில் காட்ஃபிரீட் பென் என்ற பெரிய கவிஞன் 1933இல் ஹிட்லரை வரவேற்றுப் பேசினான். 1938இல் அவனையே எழுதக்கூடாதென்று தடை செய்தார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசில்லை. பென்னுக்கு வயிறு நிறைந்திருந்தது. தசால் பசியைப் பார்த்தவர், பசிக்கு உடனே சோறு போடுகிற கை எதுவோ அதை நம்பினார். தாத்தா நம்பியதும் அப்படித்தான். ஒரு பெரிய கவிஞனும் வரப்பு வெட்டியும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள் என்றால் நாம் கேலி பேசிவிட்டுப் போக முடியாது.

இன்றைக்கு 352ஐத் தொட வேண்டிய அவசியமே இல்லை. 1978இல் 44ஆம் திருத்தம் அதற்குக் கொஞ்சம் பூட்டுப் போட்டது. ஆனால் ஆனந்த் தெல்தும்டே 2020 ஏப்ரல் 14இல், அண்ணல் பிறந்த நாளில், சரணடைந்து உள்ளே போனார். திருச்சியில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடிகளோடு வாழ்ந்த ஸ்டான் சுவாமி 84 வயதில் 2021 ஜூலை 5இல், ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, காவலில் இறந்தார். சாதாரண நிலையிலேயே.

தாத்தா இறந்தபின் அவர் தகரப்பெட்டியைக் குடைந்தேன். வீட்டுமனைப் பட்டா கிடைத்தது, 3 சென்ட், தேதி 1976. அவர் சொன்னது பொய்யில்லை. பின்பக்கம் திருப்பினால் பென்சிலில் சர்வேயரின் குறிப்பு, தேதி 1979. நடுவில் மூணு வருசம். ஆச்சியிடம் கேட்டேன். பட்டா கையில் இருந்தது, நிலம் ஊர்க்காரர் ஒருத்தர் வேலிக்குள் இருந்தது. அளந்து கொடுக்கச் சொல்லி ஆபீசுக்குப் போனவர்களை உத்தரவு வரலை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சேர்ந்து போய்க் கேட்ட நாலு பேர் ரெண்டு ராத்திரி ஸ்டேசனில் இருந்திருக்கிறார்கள், கூட்டம் கூடினார்கள் என்று. ஊர்வலம் கிடையாது, சங்கம் கிடையாது, பேப்பரில் போட ஆள் கிடையாது. 1977க்குப் பிறகுதான் சங்கம் மறுபடி கூடி, தெருவோடு பொம்பளையாளும் பிள்ளையுமாகத் தாலுகா ஆபீசுக்கு நடந்து போயிருக்கிறார்கள். எங்க அம்மா இடுப்புப் பிள்ளையாகப் போனவள். மூணு தடவை போன பிறகு சங்கிலியோடு ஆள் வந்து கல் ஊன்றியிருக்கிறான். தாத்தா இந்தப் பாதியை என்னிடம் சொன்னதே இல்லை. கொடுத்தது அந்த அம்மா என்றே கடைசிவரை சொன்னார். வாங்கியது தான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை போலும்.

பட்டாவைக் கொண்டுவந்திருக்கேன். அப்படியே கைமாற்றிப் பாருங்க, மடிப்பில் கிழிஞ்சிருக்கு, மெதுவாகப் பிரிங்க. பின்பக்கமும் திருப்பிப் பாருங்க, பென்சில் எழுத்து மங்கிட்டுது, வெளிச்சத்தில் பிடிச்சால் தெரியும்.