காசு எங்கே போனது?

 

இன்றைக்கு சிலேட்டு வேண்டாம். நோட்டும் வேண்டாம். ஒரு ரூபாய்க் காசு ஒன்று போதும். ரப்பர் பேண்டு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. கைக்குட்டை ஒன்றும் தீக்குச்சி இரண்டும் கிடைத்தால் இங்கேயே ஒரு திருவிழா நடத்திவிடலாம். இன்றைய பேச்சு வித்தையைப் பற்றியது.

செப்படி வித்தை

தெருவில் உடுக்கைச் சத்தம் கேட்கிறது. பிள்ளைகள் ஓடுகிறார்கள். பெரியவர்களும் பின்னாலேயே போகிறார்கள். அங்கே ஒருவர் தரையில் துணி விரித்து உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் மூன்று சின்னக் கிண்ணங்கள். பக்கத்தில் துணியால் செய்த சின்னப் பந்துகள்.

அவர் கிண்ணத்தைக் கவிழ்க்கிறார். பந்தை உள்ளே வைக்கிறார். கிண்ணத்தைத் தூக்கினால் பந்தைக் காணோம்! அடுத்த கிண்ணத்தைத் தூக்கினால் அங்கே இரண்டு பந்துகள்! கூட்டம் வாயைப் பிளக்கிறது.

தமிழில் இதைச் செப்படி வித்தை என்பார்கள். பெண்பிள்ளைகள் செப்பு வைத்து விளையாடுவார்களே, அந்தச் செப்புதான் இது. வடநாட்டில் இந்த வித்தைக்காரருக்கு மதாரி என்று பெயர். கூட ஒரு பையன் இருப்பான். அவனுக்கு ஜமூரா என்று பெயர்.

"ஜமூரா!" என்று கூப்பிடுவார் மதாரி.

"சொல்லுங்க உஸ்தாத்!" என்பான் பையன். உஸ்தாத் என்றால் குரு.

"பந்து எங்கேடா?"

"உங்க கிண்ணத்திலே, உஸ்தாத்!"

"இல்லையே!"

கூட்டம் சிரிக்கும். சிரிக்கிற அந்த நொடியில்தான் வேலை நடக்கும்.

என்ன வேலை? பந்து மூன்றுதான் என்று கூட்டம் நினைக்கிறது. உண்மையில் நாலாவது பந்து ஒன்று உண்டு. அது அவருடைய விரல் இடுக்கில் இருக்கிறது. ஒரு கிண்ணத்தைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கும்போது அந்தப் பந்தை உள்ளே தள்ளிவிடுகிறார். கையில் ஒரு சிறு கோல் வைத்திருக்கிறார். அதை மந்திரக்கோல் என்கிறார். மூடிய கை வெறுமனே மூடியிருந்தால் சந்தேகம் வரும். கோலைப் பிடித்திருந்தால் சந்தேகம் வராது. கோலுக்கு உள்ள மந்திரம் அவ்வளவுதான்.

கண் எங்கே போகிறது?

வீட்டில் நடக்கிற ஒன்றைப் பாருங்கள். ஒரு அம்மா அடுப்பில் பால் வைத்திருக்கிறார். பால் பொங்கப் போகிறது என்று அவருக்குத் தெரியும். அடுப்புக்கு எதிரிலேதான் நிற்கிறார். அந்த நேரம் வாசலில், "அக்கா, இருக்கீங்களா?" என்று ஒரு குரல். அம்மா திரும்புகிறார். பால் பொங்கிவிட்டது.

அந்த அம்மாவுக்குக் கண் நன்றாகத்தான் தெரியும். ஆனால் மனசு ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்கும். வித்தைக்காரர் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார். அவர் எங்கே பார்க்கிறாரோ, கூட்டமும் அங்கேயே பார்க்கும். அவர் ஒரு கேள்வி கேட்டால், எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். கை கீழே தன் வேலையை முடித்துவிடும்.

இப்போது நீங்கள் செய்து பாருங்கள்.

முதல் வித்தை: தாவும் ரப்பர் பேண்டு

இடது உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்த்து இருக்கட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டுக்கும் அடியில் ரப்பர் பேண்டை மாட்டுங்கள். வலது கையால் அதை உங்கள் பக்கமாக இழுங்கள். இப்போது இடது கை விரல்களை மடக்குங்கள். நான்கு விரல் நுனிகளும் ரப்பர் பேண்டுக்குள் போகட்டும். வலது கையை எடுத்துவிடுங்கள். எதிரே இருப்பவருக்கு ரப்பர் பேண்டு இரண்டு விரலில் இருப்பதாகத்தான் தெரியும். சட்டென்று விரல்களை நீட்டுங்கள். ரப்பர் பேண்டு மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தாவிவிடும்!

இதற்குக் கைத்திறமை கூட வேண்டாம். ரப்பர் பேண்டு தானே தாவுகிறது. ஐந்து நிமிடத்தில் யாருக்கும் வந்துவிடும்.

இரண்டாவது வித்தை: மறையும் காசு

இதற்குப் பழக்கம் வேண்டும். இடது உள்ளங்கை மேலே பார்க்கட்டும். கட்டைவிரல் நுனிக்கும் நடுவிரல் நுனிக்கும் நடுவில் காசை, அதன் ஓரத்தைப் பிடித்து வையுங்கள். வலது கை காசை எடுக்க வருகிறது. வலது கட்டைவிரல் காசுக்குக் கீழே போகிறது. மற்ற வலது விரல்கள் காசின் முன்னால் வந்து அதை மறைக்கின்றன. காசு மறைந்ததும் இடது கட்டைவிரலைச் சற்றே விடுங்கள். காசு இடது உள்ளங்கையில் விழுந்துவிடும். வலது கை காசை எடுத்தது போல மூடிக்கொண்டு விலக வேண்டும்.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். காசு இடது கையில் இருக்கிறதே என்று இடது கையைப் பார்க்கிறார்கள். பார்த்தால் போச்சு! உங்கள் கண் மூடிய வலது கையோடு போக வேண்டும். இடது கை ஒன்றும் தெரியாதது போலத் தளர்ந்து கீழே இறங்க வேண்டும். பிறகு வலது கையை மெதுவாகத் திறவுங்கள். காசு இல்லை! இடது கையால் எதிரில் இருக்கிற பிள்ளையின் காதுக்குப் பின்னாலிருந்து காசை எடுங்கள்.

இதைப் பழக ஒரு வழி உண்டு. முதலில் காசை உண்மையாகவே வலது கையால் எடுங்கள். பத்து முறை எடுங்கள். கை எப்படிப் போகிறது, விரல் எப்படி மூடுகிறது என்று கண்ணாடியில் பாருங்கள். பிறகு எடுப்பது போல நடியுங்கள். இரண்டும் ஒன்று போலத் தெரியும் வரை பழகுங்கள். வேகம் வேண்டாம். வேகமாகச் செய்கிறவரைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள்.

மூன்றாவது வித்தை: ஒடிந்த குச்சி

கைக்குட்டையின் ஓரத்தில் மடித்துத் தைத்திருப்பார்கள். அந்த மடிப்புக்குள் ஒரு தீக்குச்சியை முன்னாலேயே நுழைத்து வையுங்கள். கைக்குட்டையை விரித்துக் காட்டுங்கள். எதிரில் இருப்பவரிடம் வேறு ஒரு தீக்குச்சி கேட்டு வாங்குங்கள். அதை நடுவில் வைத்துக் கைக்குட்டையை மடியுங்கள். மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் குச்சியை அவர் கையில் பிடிக்கக் கொடுங்கள். "ஒடிங்கண்ணே!" என்று சொல்லுங்கள். அவரே ஒடிப்பார். சத்தமும் கேட்கும். கைக்குட்டையை உதறினால் அவர் கொடுத்த குச்சி முழுசாக விழும்.

மூன்று வித்தைக்கும் பொதுவாக மூன்று விதிகள் உண்டு. என்ன நடக்கப் போகிறது என்று முன்னாலேயே சொல்லக் கூடாது. அதே ஆட்களிடம் அதே வித்தையை உடனே மறுபடி காட்டக் கூடாது. போதுமான பழக்கம் இல்லாமல் நாலு பேர் முன்னால் போய் நிற்கக் கூடாது.

நாலாவது விதி ஒன்றும் உண்டு. அதுதான் பெரிய விதி. இது வித்தை என்று சொல்லித்தான் காட்ட வேண்டும்.

அதே கை, வேறு வேலை

ஏன் இந்த நாலாவது விதி? இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஒரு தாய். அவளுடைய பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஊருக்கு ஒருவர் வந்திருக்கிறார். வெறுங்கையைக் காட்டிவிட்டுத் திருநீறு வரவழைக்கிறாராம். தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்.

"சாமி, பிள்ளை கண்ணே திறக்கலை சாமி."

"யாரோ செய்வினை வெச்சிருக்காங்கம்மா. எலுமிச்சம்பழம் அறுத்தால் தெரியும்."

கத்தியால் எலுமிச்சம்பழத்தை அறுக்கிறார். சிவப்பாக வடிகிறது. ரத்தம்! தாய் நடுங்கிப் போகிறாள். காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுக்கிறாள். பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் அங்கேயே போய்விடுகிறது.

என்ன நடந்தது? சாம்பலைக் கஞ்சியில் பிசைந்து சிறு உருண்டையாக உலர்த்தி வைப்பார்கள். அது கட்டைவிரல் இடுக்கில் ஒளிந்திருக்கும். கையைச் சுழற்றி அதை நொறுக்கினால் திருநீறு கொட்டும். நீங்கள் காசை ஒளித்தீர்களே, அதே கைவேலைதான். கத்தியில் செம்பருத்திப் பூவின் இதழைத் தேய்த்துக் காயவைத்திருப்பார்கள். எலுமிச்சையின் புளிப்பு பட்டதும் அந்தச் சாறு சிவக்கும். நீங்கள் ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ப்பதில்லையா? உடனே சிவக்கவில்லையா? அதை ரத்தம் என்று யாராவது சொல்கிறார்களா?

கோயிலுக்குப் போவதும் திருநீறு பூசுவதும் அவரவர் நம்பிக்கை. இந்தப் பேச்சு அதைப் பற்றியது அல்ல. விரல் இடுக்கில் ஒளித்ததைக் காட்டி, ஒரு தாயின் பயத்தை விற்கிறார்களே, அதைப் பற்றியது.

வித்தையைச் சொல்லிக் கொடுத்தவர்கள்

இதை ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டியவர்கள் உண்டு. டாக்டர் ஆபிரகாம் கோவூர் 1898-இல் கேரளத்தில் பிறந்தவர். இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்தார். ஏமாற்று இல்லாமல் ஒரு அற்புதத்தைச் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். 1978-இல் அவர் இறக்கும் வரை அந்தப் பணத்தை ஒருவரும் வெல்லவில்லை.

பி. பிரேமானந்த் 1930-இல் கோழிக்கோட்டில் பிறந்தவர். கோயம்புத்தூர் அருகே போத்தனூரில் வாழ்ந்து 2009-இல் மறைந்தார். திருநீறு வரவழைப்பது போன்ற வித்தைகளை மேடையில் முதலில் செய்து காட்டுவார். கூட்டம் கை தட்டும். பிறகு அதை எப்படிச் செய்தார் என்று சொல்லிக் கொடுப்பார்.

இந்த வேலையில் ஆபத்தும் உண்டு. மராட்டியத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கத்தை நடத்தியவர் டாக்டர் நரேந்திர தாபோல்கர். அவரை 2013 ஆகஸ்ட் 20-ஆம் தேதி புனே நகரில் சுட்டுக் கொன்றார்கள். அவர் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்த சட்டம் அதே ஆண்டில் வந்தது. அற்புதம் காட்டுவதாகச் சொல்லி மக்களை ஏமாற்றிப் பணம் பறிப்பது மராட்டியத்தில் இப்போது குற்றம்.

யார் பிச்சைக்காரர்?

இப்போது தெருவில் உட்கார்ந்திருந்த அந்த மதாரியிடம் திரும்பி வருவோம். தில்லியில் ஷாதிப்பூர் பக்கம் கட்புத்லி காலனி என்று ஒரு இடம் இருந்தது. கட்புத்லி என்றால் மரப்பொம்மை. பொம்மலாட்டக்காரர்கள், கழைக்கூத்தாடிகள், வித்தைக்காரர்கள் எல்லோரும் பல பத்தாண்டுகள் அங்கே குடியிருந்தார்கள். அடுக்குமாடி கட்டுவதற்காக 2017-இல் அந்த வீடுகள் இடிக்கப்பட்டன. பல குடும்பங்கள் தற்காலிக முகாமுக்குப் போனார்கள்.

அவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. பம்பாய் பிச்சை தடுப்புச் சட்டம் 1959-இல் வந்தது. தில்லியிலும் அது நடப்பில் இருந்தது. பாட்டு, நடனம், குறி சொல்லுதல், வித்தை என்ற பெயரில் பொது இடத்தில் காசு வாங்கினாலும் அது பிச்சைதான் என்று அந்தச் சட்டம் சொன்னது. தில்லியில் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று 2018 ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

யோசித்துப் பாருங்கள். மதாரி, "இது என் கைவேலை, பிடித்திருந்தால் காசு போடுங்கள்" என்கிறார். அவரைச் சட்டம் பிச்சைக்காரர் என்றது. அதே கைவேலையைச் செய்து, "எனக்குச் சக்தி இருக்கிறது" என்று சொல்பவரை மக்கள் காலில் விழுந்து கும்பிட்டார்கள். உண்மை சொன்னவருக்குச் சில்லறை. பொய் சொன்னவருக்குத் தங்கத் தோடு.

ஆகவே ஒன்றை மறந்துவிடாதீர்கள். தெருவில் வித்தை காட்டுகிறவரின் ரகசியம் அவருடைய சோறு. கூட்டத்தில் நின்று, "எனக்குத் தெரியும், நாலாவது பந்து கையில் இருக்கு!" என்று கத்தாதீர்கள். பார்த்து ரசியுங்கள். முடிந்த காசைப் போடுங்கள். சக்தி என்று சொல்லிக் காசு கேட்கிறவரிடம்தான் கேள்வி கேட்க வேண்டும்.

நாலு பேர் முன்னால்

கேள்வி கேட்பது சுலபமா? இல்லை. நாலு பேர் முன்னால் எழுந்து நிற்கவே பலருக்குக் கால் நடுங்கும். அதற்கும் இந்த வித்தை உதவும். கையில் ஒரு காசை வைத்துக்கொண்டு, "எல்லோரும் இங்கே பாருங்க!" என்று ஒரு முறை சொல்லிவிட்டால் கூச்சம் பாதி போய்விடும். அடுத்த முறை கிராம சபையில் எழுந்து, "தண்ணீர்க் குழாய்க் கணக்கு என்ன ஆச்சு?" என்று கேட்க வாய் வரும்.

அடுத்த வாரம் இதே இடத்தில், இதே நேரத்தில், ஒவ்வொருவரும் ஒரு வித்தை காட்ட வேண்டும். ரப்பர் பேண்டு வித்தை என்றாலும் சரி. காசு கை தவறிக் கீழே விழுந்தாலும் சரி. சிரித்துக்கொண்டே எடுத்து மறுபடி செய்யுங்கள்.

வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காதுக்குப் பின்னாலிருந்து காசை எடுங்கள். "எப்படிம்மா?" என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும். "நீயே கண்டுபிடி" என்று சொல்லுங்கள். "எப்படி?" என்று இன்றைக்குக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளைக்கு எலுமிச்சம்பழம் சிவந்தாலும் அதையேதான் கேட்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோடு காதிலேயே இருக்கட்டும்.