ஓட்டமா, சைக்கிளா?

 

சுபுஹ் தொழுதபின் ஓடுவது நல்லதா, சைக்கிள் மிதிப்பது நல்லதா என்று நம் அறக்கட்டளையில் பலரும் கேட்கிறார்கள். சிரமத்தைப் பார்த்தால் ஓட்டம்தான் கடினம். ஒவ்வோர் அடியிலும் உடல் எடையை நாமே தூக்கி, நாமே தாங்க வேண்டும். சைக்கிளில் அந்தப் பாரத்தை சீட் ஏற்றுக்கொள்கிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுவே தோது.

ஆனால் நம் கடற்கரையில் காற்றைக் கேட்காமல் இதைத் தீர்மானிக்க முடியாது. கச்சான் அடிக்கும் மாதங்களில் ராமேஸ்வரத்திலிருந்து பாம்பன் நோக்கி மிதித்துப் பாருங்கள்! எதிர்காற்றில் ஓடுகிறவரைவிட சைக்கிள்காரருக்கே அவதி அதிகம். வேகம் கூடக் கூடத் தடையும் பன்மடங்காகும். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். அந்தச் சுகம், உள்ளதைச் சொன்னால், ஓட்டத்தில் இல்லை.

பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு என்கிறார்கள் சிலர். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. முதல் முறை முந்தியவர் அன்னையார்தான். 1990களின் தொடக்கத்தில், பக்கத்துப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். நம் சமுதாயப் பெண்களும் அதில் உண்டு.

மேல்நிலைப் பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள், படிப்பு முடிந்ததும் நம் வீடுகளில் உப்புக்காற்றில் துருப்பிடித்து நிற்கிறது. செயினுக்கு எண்ணெய் விடுங்கள். மகள் ஓட்டாவிட்டால் உம்மா ஓட்டட்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் வெறும் வயிற்றோடு கிளம்ப வேண்டாம். பையில் இரண்டு பேரீச்சம்பழம் இருக்கட்டும்.