முறைக்காகக் காத்திருக்கும் போர்க்களம்



கணினி விளையாட்டு என்ற சொல் கேட்டதும் இலக்கிய அவைகளில் முகச்சுளிப்பு எழுவது இயல்பே. கண்ணைக் கெடுப்பது, காலத்தைத் தின்பது, நூலைக் கையில் எடுக்க விடாதது எனப் பெற்றோரும் ஆசிரியரும் அடுக்கும் குற்றச்சாட்டுகள் வெறும் கற்பனை அல்ல. எனினும், ஒரு விளையாட்டு வெளிவந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் தன்னை ஆடுவோரை இழக்காமல் நிற்குமாயின், அதன் ஈர்ப்பு எங்கிருந்து பிறக்கிறது என ஆராய்வது, சொல்லால் மனங்களை ஈர்க்க முயலும் கவிஞர்க்கும் பயன்தரும்.

அத்தகையதொரு விளையாட்டு, 1999இல் வெளிவந்த 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்' என்பதன் மூன்றாம் பாகம். அமெரிக்கரான ஜான் வான் கேனகம் தோற்றுவித்த 'நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங்' நிறுவனம் இதனை ஆக்கியது. அந்நிறுவனம் 1990இல் வெளியிட்ட 'கிங்ஸ் பவுண்டி' இதற்கு மூதாதை. 1995இல் முதற்பாகமும் 1996இல் இரண்டாம் பாகமும் வந்தன. கணினிப் போர் விளையாட்டுகளில் விரைவே பெருமையாகக் கருதப்பட்ட காலம் அது. 1998இல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்' போன்றவற்றில், ஆடுபவர் எண்ணிக்கொண்டிருக்கும் பொழுதே பகைவர் படை நகர்ந்துவிடும். இவ்விளையாட்டிலோ, சதுரங்கத்தில் போல, ஒருவர் தம் முறையை முடித்த பின்னரே அடுத்தவர் முறை தொடங்கும். ஒரே கணினியின் முன் நண்பர் சிலர் அமர்ந்து, மாறி மாறி ஆடவும் இதில் வழியுண்டு.

இதன் அமைப்பு எளியது. வீரன் ஒருவன் படையுடன் இருள் மூடிய நிலத்தில் செல்லச் செல்ல, நிலம் சிறிது சிறிதாகப் புலப்படும். ஒரு நாளில் அவன் நடக்கக்கூடிய தொலைவுக்கு எல்லையுண்டு. ஒரு நகரில் ஒரு நாளைக்கு ஒரு கட்டடமே எழுப்பலாம். புதிய படைஞர் வாரத்தின் முதல் நாளில் மட்டுமே பெருகுவர். ஒரு வீரனின் படையில் ஏழு அணிகளுக்குமேல் இடமில்லை. பொன், மரம், கனிமம், பாதரசம், கந்தகம், பளிங்கு, மணி என்னும் ஏழு வளங்களுள் ஒன்றேனும் எப்பொழுதும் குறைவாகவே இருக்கும்.

இக்குறைவே சுவையைத் தருகிறது. ஓர் எடுத்துக்காட்டு நோக்கத்தக்கது. நகர மன்றம் நாளொன்றுக்கு 2000 பொன் ஈட்டித் தரும். 10,000 பொன் செலவிட்டு அதனைத் தலைமை மன்றமாக உயர்த்தினால் வருவாய் 4000 ஆகும்; இட்ட முதல் ஐந்து நாளில் மீண்டுவிடும். ஆனால் அதே பொன்னுக்கு, ஒன்று 3000 பொன் விலையுள்ள தேவதூதர் மூவரைப் படையிற் சேர்க்கலாம். பகைவன் நான்காம் நாளில் வந்துவிட்டால் மன்றம் பகைவனுக்கே உரியதாகும். வாராவிட்டால் படை செல்வமின்றி வாடும். ஆடுபவர் எண்ணி முடிக்கும்வரை போர்க்களம் காத்திருக்கிறது. அவரை விரைவுபடுத்துவார் எவருமில்லை. சீரும் தளையும் அறிந்த கவிஞர்க்கு இந்நிலை புதிதன்று. இடம் அளவுபட்டிருப்பதனால்தான் ஒரு சொல்லை வைப்பதும் ஒரு சொல்லை விடுவதும் பொருளுடையன ஆகின்றன. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்னும் இடத்தில் தேர்வு என்பதே இல்லை.

கதையும் இவ்வெல்லைகளோடு இசைந்து செல்கிறது. எராத்தியா நாட்டு மன்னர் கிரிஃபன்ஹார்ட் இறக்க, ஈமச்சடங்கிற்காகத் தாய்நாடு திரும்புகிறாள் அவர் மகள் கேத்தரின். நாடோ பகைவர் கையில் சிதைந்து கிடக்கிறது. பிணங்களுக்கு உயிரூட்டும் மாயவித்தையர் இறந்த மன்னரையே எழுப்பித் தம் பக்கம் நிறுத்துகின்றனர். எழுந்தவர் அவர்களுக்கும் அடங்காதவராகிவிட, இறுதியில் மகள் அப்பகைவரோடு உடன்பட்டே தந்தையை எதிர்த்துப் படை செலுத்த வேண்டியவளாகிறாள். பல இனத்தார் ஒரே படையில் கலந்தால் ஊக்கம் குன்றும் என்பது விளையாட்டின் விதி. இறந்தோர் அணிக்கோ ஊக்கமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. உயிரோடிருத்தல் என்பது தளரக்கூடியதாய் இருத்தல் என்பதை, ஓர் எண்ணின் வழியாகவே ஆடுபவர் உணர்ந்துகொள்கிறார்.

இத்தகைய விளையாட்டிற்குக் கேடு இல்லையா என்னும் வினா எழலாம். உண்டு. எவரும் விரைவுபடுத்தாத இடத்தில் எவரும் எழுப்பிவிடுவதும் இல்லை. 'இன்னும் ஒரு நாள் மட்டும்' என எண்ணி ஆடுபவர் இரவெல்லாம் விழித்திருத்தல் இதனை ஆடுவோர் யாவரும் அறிந்ததே. நாளை காலை வாரம் பிறக்கும், படை பெருகும் என்னும் ஆவல் மறுநாளைய தேர்வையும் பணியையும் மறக்கச் செய்யும். சிந்திக்க இடமளிக்கும் அதே பொறுமைதான் காலத்தையும் ஓசையின்றிக் கவர்ந்துகொள்கிறது. இவ்விரண்டையும் சேர்த்தே எடைபோடுதல் நேர்மை.

வெளியிட்ட 'த்ரீடிஓ' நிறுவனம் 2003இல் நொடித்தது. உரிமை பிரான்சின் 'யுபிசாஃப்ட்' நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2015இல் அது வெளியிட்ட புதுப்பதிப்பில் பழைய இணைப்புப் பாகங்கள் இரண்டும் இடம்பெறவில்லை. ஆயினும் ஆர்வலர் குழுவொன்று, 'ஹார்ன் ஆஃப் தி அபிஸ்' என்னும் பெயரில் புதிய நகரமும் புதிய படைஞரும் சேர்த்து, 2011 முதல் இவ்விளையாட்டை வளர்த்து வந்துள்ளது. போலந்திலும் உருசியாவிலும் இதற்குள்ள செல்வாக்குப் பெரிது. தம் இளமையில் ஆடியவர்கள் அதே பழைய படங்களையும் பால் ரொமேரோ முதலியோர் அமைத்த இசையையும் நாடி மீண்டும் வருகின்றனர்.

இளைஞர்க்குப் பொறுமையில்லை, ஆகவே கவிதையைச் சுருக்குக, எளிதாக்குக, விரைவாக்குக என இலக்கிய மேடைகளில் அறிவுரை கேட்கிறது. ஒரே திருப்பத்தை அரைமணி நேரம் எண்ணி ஆடும் இளைஞர் கூட்டம் அக்கூற்றை ஐயுறச் செய்கிறது. அவர்களிடம் பொறுமை இருக்கிறது. தம் தேர்வு பொருளுடையது என உணரும் இடத்தில் அதனைச் செலவிடுகின்றனர். வாசகர்க்கு அத்தகைய இடத்தைக் கவிதை தருகிறதா என்பதைக் கவிஞர்கள் தம் பாடல்களை நோக்கியே வினவுதல் நன்று. கணினி முன் அமர்ந்திருக்கும் மகனையோ மாணவியையோ எழுப்பும் முன், 'எதைத் தேர்ந்தாய், எதனை விட்டாய், ஏன்?' என ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அவ்விடையைக் கேட்கச் சிறிது நேரம் அமர வேண்டியிருக்கும்.